கையெழுத்துப் போட்ட பிறகும் உங்களிடம் இருக்கும் உரிமைகள்: செட்டிநாட்டு நோயாளிகள், முதியோர், ஊழியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

"நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்?" மருத்துவமனைக் கவுன்டரிலும், முதியோர் இல்லத்து அலுவலக அறையிலும், வேலையை விட்டு விலகும் நாளில் முதலாளியின் மேசைக்கு முன்னாலும் இந்த ஒரே கேள்விதான் நம்மை வாயடைத்து நிற்க வைக்கிறது. கேட்பவர் உறுதியாகக் கேட்கிறார். நாமும் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிடுகிறோம். சட்டத்தில் இந்தக் கேள்விக்கு அவ்வளவு வலிமை கிடையாது. சில கையெழுத்துகள் உங்களைக் கட்டுப்படுத்தவே செய்யாது. சில, ஓர் எல்லை வரை மட்டும் கட்டுப்படுத்தும். எது எந்த வகை, பிறகு என்ன செய்வது, எந்த அலுவலகத்தின் படியேறுவது என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் வேலை: காகிதத்தைச் சேர்ப்பது

திருமணத்தில் இசைகுடிமானம் என்ற உடன்பாட்டுப் பத்திரம் எழுதுகிற, சீர் சாமான்களைப் பட்டியல் போட்டுச் சரிபார்க்கிற, வந்த மொய்யைப் பெயர் வாரியாக ஏட்டில் ஏற்றுகிற ஊர்கள் நம்முடையவை. அதே குடும்பங்கள் மருத்துவமனையில் இரண்டு லட்சம் ரூபாய் கட்டிவிட்டு, கையால் கிறுக்கிய ஒரு துண்டுச் சீட்டோடு வீடு திரும்புவதைப் பார்க்கும்போது மனம் வேகிறது. பிரச்சினை எதுவும் வராவிட்டாலும் சரி, ஒரு கோப்பு வையுங்கள். பணம் கட்டிய ஒவ்வொரு முறையும் எண் போட்ட ரசீது. கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு தாளுக்கும் அப்போதே கைபேசியில் ஒரு படம். யார், என்றைக்கு, என்ன சொன்னார் என்று இரண்டு வரிக் குறிப்பு. வாய்மொழியாகச் சொன்னதை அன்றே வாட்ஸ்அப்பில் அவருக்கே அனுப்பி, "இன்று நீங்கள் சொன்னது இது" என்று பதிந்துவிடுங்கள். பின்னால் எந்த ஆணையத்துக்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது இந்தக் கோப்புதான்.

நோயாளியாக இருக்கும்போது

ஒப்புதல் படிவத்திலிருந்து தொடங்குவோம். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். என்ன நோய், என்ன சிகிச்சை, அதில் என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, ஏறத்தாழ எவ்வளவு செலவு என்பதை உங்களுக்குப் புரியும் மொழியில் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-இல் வெளியிட்ட நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இது தெளிவாக இருக்கிறது.

நம் வீடுகளில் ஒரு பழக்கம் ஊறியிருக்கிறது. நோயாளி பெண்ணாக இருந்தால் கணவரோ மாமனாரோ மகனோ கையெழுத்துப் போட்டுவிடுவார். அவளிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. சட்டம் இதை ஏற்பதில்லை. உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்த சமிரா கோலி வழக்கைப் பாருங்கள். பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கருப்பையை, வெளியே காத்திருந்த தாயாரிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு மருத்துவர் அகற்றிவிட்டார். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சுயநினைவு திரும்பியதும் அந்தப் பெண்ணிடமே கேட்டிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் அறுவை சிகிச்சைக்குச் செல்லாது. வயதுவந்த, சுயநினைவுள்ள நோயாளியின் முடிவு அவருடையது. ஆச்சிக்கு எண்பது வயது ஆகியிருந்தாலும் அதேதான்.

அடுத்தது மருத்துவ ஆவணங்கள். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரமளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் அவற்றைப் பாதுகாக்கவும் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். அது சுருக்கம் மட்டுமே. கேஸ் ஷீட், செவிலியர் குறிப்புகள், தீவிர சிகிச்சைப் பிரிவின் பதிவுகள், ஒப்புதல் படிவங்கள், ஆய்வக முடிவுகள், இனம் பிரித்த பில் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மனுவின் நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அதே மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 72 மணி நேரம் கடந்தும் தராவிட்டால், அந்தத் தாமதமே பின்னால் உங்கள் பக்கம் பேசும் சான்றாகிவிடும்.

அவசர நிலையில் முன்பணம் கட்டவில்லை என்று சொல்லி முதலுதவியை மறுக்கக் கூடாது. 1989-இல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும் உயிர் காக்கும் கடமை உண்டு, போலீஸ் நடைமுறைகள் அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்றது. திருச்சி-ராமேசுவரம் சாலையில் விபத்தில் சிக்கியவரைத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள் என்றால், தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தை நினைவில் வையுங்கள். அதில் சேர்ந்த மருத்துவமனைகளில், தனியார் உட்பட, முதல் 48 மணி நேரத்துக்கு வரையறுத்த சிகிச்சைகள் கட்டணமின்றிக் கிடைக்கும்.

பில் கட்டவில்லை என்பதற்காக நோயாளியையோ, இறந்தவரின் உடலையோ பிடித்து வைக்க முடியாது. பாக்கி என்பது சிவில் கடன். அதை வசூலிக்க நீதிமன்றம் இருக்கிறது. ஒருவரைப் போகவிடாமல் அடைத்து வைப்பது குற்றம். இப்படி நேர்ந்தால் வாக்குவாதத்தில் நேரத்தைக் கடத்தாமல் 112-ஐ அழைத்துவிடுங்கள். மருந்தை அந்த மருத்துவமனைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

சிகிச்சையில் தவறு நடந்தது என்று உறுதியாக நினைக்கிறீர்களா? கதவு, கண்ணாடியில் கையை வைத்துவிடாதீர்கள். மருத்துவமனைகள் மீதான வன்முறைக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-இல் வந்த சட்டம் கடுமையானது. நியாயம் கேட்கப் போனவர் குற்றவாளியாகிவிடுவார். போலீசில் புகார் தரலாம்தான். ஆனால் ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம், மிகக் கடுமையான கவனக்குறைவு இருந்தால்தான் மருத்துவர் மீது குற்ற வழக்கு நிற்கும், அதற்கு முன் வேறொரு மருத்துவரின் சார்பற்ற கருத்தும் வேண்டும் என்று சொல்லிவிட்டது. பெரும்பாலான குடும்பங்களுக்கு உகந்த வழி நுகர்வோர் ஆணையம் என்றே நான் கருதுகிறேன்.

மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-இல் சாந்தா வழக்கில் தீர்ந்துவிட்டது. முழுக்க முழுக்க எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடம் மட்டும் இதற்கு வெளியே நிற்கும். காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டியிருந்தாலும் அது கட்டணச் சேவைதான். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம் என்பது. சிகிச்சை மதுரையிலோ சென்னையிலோ நடந்திருந்தாலும், காரைக்குடிக்காரர் சிவகங்கை மாவட்ட ஆணையத்திலும், பொன்னமராவதிக்காரர் புதுக்கோட்டை மாவட்ட ஆணையத்திலும் வழக்கிடலாம். கட்டிய தொகை 50 லட்சத்தைத் தாண்டாதவரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை மனுக் கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே நின்று பேசலாம். ஆனால் மருத்துவ வழக்கில் இன்னொரு நிபுணரின் கருத்து பல நேரம் தேவைப்படும். ஆவணங்களை எடுத்துக்கொண்டு வேறு ஊரில் உள்ள ஒரு மருத்துவரிடம் முதலிலேயே காட்டுங்கள். மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் தனி. அது தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்குப் போக வேண்டும்.

முதியவர்கள்: வீட்டிலும் இல்லத்திலும்

முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீளும் வீட்டில் ஆச்சி மட்டும் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. இதை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை நம் பகுதியில் யாருக்கும் இல்லை. வீட்டு வேலைச் சுமை தாங்காமல் சிலர் முதியோர் இல்லத்துக்குப் போகிறார்கள். போவதற்கு முன்பே வீட்டுப் பங்கு மகன் பெயருக்கோ அண்ணன் மகன் பெயருக்கோ எழுதப்பட்டிருக்கும். இந்த எழுத்துதான் பிற்பாடு பெரிய துயரம் ஆகிறது. அதனால் அதை முதலில் பேசிவிடுவோம்.

உயிலும் தான செட்டில்மென்டும் ஒன்றல்ல. உயிலை உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். செட்டில்மென்ட் பதிவானதும் சொத்து கைமாறிவிடும். முடிந்தவரை உயிலே போதும் என்பது என் உறுதியான கருத்து. செட்டில்மென்ட்தான் எழுத வேண்டும் என்றால் இரண்டு வரிகள் இல்லாமல் எழுதாதீர்கள்: ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமை எனக்கே, என் அடிப்படைத் தேவைகளையும் மருத்துவத்தையும் சொத்தைப் பெறுபவர் கவனிக்க வேண்டும். பத்திரம் எழுதுபவர் "இதெல்லாம் வழக்கத்தில் இல்லையே" என்று இழுத்தாலும் விடாதீர்கள்.

ஏனெனில் 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. கவனிப்பேன் என்ற நிபந்தனையில் சொத்தைப் பெற்றவர் கவனிக்காமல் விட்டால், இந்தச் சட்டத்தின் கீழ் உள்ள தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கலாம். நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில், இது முதியவர்களைக் காக்க வந்த சட்டம், தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்றும், வீட்டின் சுவாதீனத்தைத் திருப்பித் தரவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்றும் கூறியது. ஆகவே ஏற்கெனவே பத்திரத்தில் நிபந்தனையைச் சேர்க்காமல் எழுதிக் கொடுத்துவிட்டவர்களும் முயலலாம். எழுதும்போதே வரியைச் சேர்த்தவர்களுக்குப் பாதை எளிது. சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதிய பத்திரங்களுக்கே இது பொருந்தும்.

இனி பராமரிப்புத் தொகை. அறுபது வயது நிறைந்தவர், தன்னைத் தானே பராமரிக்க இயலாதபோது மகன், மகள், வயதுவந்த பேரன் பேத்தி யாரிடமும் கோரலாம். பிள்ளை கூட்டிக்கொண்டவர்கள், அதாவது தத்தெடுத்தவர்கள், அந்தப் பிள்ளையிடம் கோரலாம். பிள்ளை இல்லாதவர், தன் சொத்தை அனுபவிக்கும் அல்லது வாரிசாக அடையப்போகும் உறவினரிடம் கோரலாம். வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். மகன் அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டிருந்தால் பணம் பெறும் வழி கடினமாகும். அப்போது இங்கே இருக்கும் சொத்தின் மீது 23-ஆம் பிரிவில் மனு கொடுப்பதே பயன் தரும்.

மனுவை வெள்ளைத்தாளில் எழுதினால் போதும். வருவாய்க் கோட்ட அளவிலுள்ள தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை வட்டத்தார் தேவகோட்டையில் உள்ள கோட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும். மற்றவர்கள் தங்கள் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டால் எந்தக் கோட்டம் என்று சொல்லிவிடுவார்கள். நடக்க முடியாதவர் வேறொருவருக்கு அதிகாரம் எழுதிக்கொடுத்து அனுப்பலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இடைக்காலத் தொகையும் கேட்கலாம். மாதம் 10,000 ரூபாய்தான் உச்சவரம்பு. இன்றைய விலைவாசிக்கு இது போதவே போதாது. 2007-இல் நின்றுவிட்ட இந்தத் தொகையை உயர்த்தியே ஆக வேண்டும். உத்தரவில் குறை இருந்தால் 60 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பராமரிக்கும் பொறுப்பில் உள்ளவர் முதியவரை எங்காவது கைவிட்டுப் போனால் மூன்று மாதச் சிறை வரை தண்டனை உண்டு.

முதியோர் இல்லத்தில் சேர்வதற்கு முன் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில், அந்த இல்லம் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். கட்டண இல்லம் என்றால் ஒப்பந்தத்தில் நான்கைந்து விஷயங்களை விரல் வைத்துப் படியுங்கள்: வைப்புத்தொகை எத்தனை நாளில் திரும்பும், விலகினால் எவ்வளவு பிடிப்பார்கள், மாதக் கட்டணத்தை எப்போது எவ்வளவு உயர்த்துவார்கள், மருத்துவமனைச் செலவு யாருடையது, இறந்தால் மீதி யாருக்கு. "நிர்வாகம் காரணம் சொல்லாமல் வெளியேற்றலாம்" என்ற வரியும், அளவுக்கு மீறிய வைப்புத்தொகையும் நுகர்வோர் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற வகையில் வரக்கூடியவை. அதை எதிர்க்கும் மனு மட்டும் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். கட்டிய பணத்துக்குத் தராத சாப்பாடு, தராத கவனிப்பு பற்றி மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம்.

உள்ளே போனபின் முதியவர் யாருக்கும் அடிமை அல்லர். ஏடிஎம் அட்டையும் வங்கிப் புத்தகமும் அவரிடமே இருக்க வேண்டும். தொலைபேசியில் பேசலாம், பார்க்க வருபவரைச் சந்திக்கலாம், கோயிலுக்குப் போகலாம், விரும்பினால் இல்லத்தை விட்டே விலகலாம். அறையில் பூட்டி வைப்பதும் கட்டிலில் கட்டி வைப்பதும் போலீசுக்குப் போக வேண்டிய விஷயங்கள். பார்க்கப் போகும் உறவினர்கள் வாசலில் நலம் விசாரித்துவிட்டுத் திரும்பாமல், அறைக்குள் போய் உட்கார்ந்து, தனியாக இருக்கும்போது கேளுங்கள். கால், முதுகில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். புகாரை எழுத்தில் நிர்வாகத்துக்கு, பிறகு சமூகநல அலுவலருக்கு, பிறகு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் என்று கொண்டுபோங்கள். 14567 என்ற முதியோர் உதவி எண்ணிலும் சொல்லலாம்.

ஊழியர்: "விலகினால் இந்தத் தொழிலே செய்யக் கூடாது"

பாரம்பரிய வீடுகளை விடுதியாக்கியிருக்கும் ஓரிடத்தில் ஒரு சமையல் மாஸ்டர் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சேர்ந்த அன்று ஒரு முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள்: விலகினால் இரண்டு ஆண்டுகளுக்கு ஐம்பது கிலோமீட்டருக்குள் எந்த உணவகத்திலும் வேலை பார்க்கக் கூடாது, மீறினால் மூன்று லட்சம். ஐம்பது கிலோமீட்டர் என்றால் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், புதுக்கோட்டை என்று அவர் பிழைக்கும் உலகம் முழுவதும் அடங்கிவிடும்.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 27: சட்டபூர்வமான தொழிலையோ வியாபாரத்தையோ ஒருவர் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம், அந்த அளவுக்குச் செல்லாது. வேலையை விட்ட பிறகு நீளும் தடைக்கு இது நேராகப் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் பெர்செப்ட் வழக்கிலும் உறுதி செய்தது. காலம் குறைவு, தூரம் குறைவு என்று வாதாடியும் பயனில்லை. மாஸ்டர் மறுநாளே எதிர்த்தெருவில் அடுப்பு பற்ற வைக்கலாம்.

இதை மட்டும் படித்துவிட்டுத் துணிந்துவிடக் கூடாது. கட்டுப்படுத்தும் வரிகளும் உண்டு. வேலையில் இருக்கும் காலத்திலேயே போட்டி நிறுவனத்துக்கு உழைக்கக் கூடாது என்பது செல்லும். 1967 கோலிகாரி வழக்கு முதல் இதுதான் நிலை. முதலாளியின் ரகசியத்தைக் காக்கும் வரியும் செல்லும். உங்கள் கைப்பக்குவம் உங்களுடையது. அந்த நிறுவனம் எழுதி வைத்திருக்கும் மசாலாக் கலவையின் அளவுக் குறிப்பேடு உங்களுடையது அன்று. வாடிக்கையாளர் பட்டியல், விலைப்பட்டியல், கணினிக் கோப்பு எதையும் எடுத்துச் செல்லாதீர்கள். பயிற்சிக்குச் செலவழித்து, குறிப்பிட்ட காலம் வேலை செய்ய வேண்டும் என்று வாங்கும் பாண்டும் நியாயமாக இருந்தால் நிற்கும்; விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மூன்றாண்டுக்கு இரண்டு லட்சம் என்ற பாண்டை ஏற்றது. ஆனாலும் தாளில் எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடாது. பிரிவு 74-இன்படி, அந்தத் தொகை உச்சவரம்பு; அதற்குள் நியாயமான இழப்பீடுதான்.

கடையையே விற்றவருக்கும், கூட்டுவியாபாரத்திலிருந்து விலகும் பங்காளிக்கும் கதை வேறு. நற்பெயரோடு வியாபாரத்தை விற்றால், நியாயமான எல்லைக்குள் அதே தொழிலைச் செய்யமாட்டேன் என்று எழுதிக்கொடுப்பது செல்லும். 1932 கூட்டாண்மைச் சட்டமும் விலகும் பங்குதாரருக்கு அப்படிப்பட்ட கட்டுப்பாட்டை அனுமதிக்கிறது.

விலகும்போது செய்ய வேண்டியவை: ராஜினாமாவை எழுத்தில் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்குங்கள். நோட்டீஸ் காலத்தை முடியுங்கள். சாவி, சீருடை, கோப்புகளை ஒப்படைத்து ஒரு பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகிய இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கிச் சம்பளம் தரப்பட வேண்டும். தராவிட்டால் தொழிலாளர் துறையில் முறையிடலாம். அசல் சான்றிதழை அடகுபோல் பிடித்து வைத்திருந்தால் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் வக்கீல் நோட்டீஸ். சேரும்போதே அசலைக் காட்டிவிட்டு நகலை மட்டும் கொடுப்பது நல்லது.

முதலாளியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தால் கிழித்துப் போடாதீர்கள். பிரிவு 27-ஐச் சுட்டி, ரகசியம் எதையும் எடுக்கவில்லை என்று ஒரு பக்கப் பதில் அனுப்புங்கள். அவர் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கக்கூடும் என்று தோன்றினால் கேவியட் மனு போட்டு வையுங்கள். 90 நாட்களுக்கு, உங்களைக் கேட்காமல் உத்தரவு பிறப்பிக்க முடியாது. சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர் இந்தப் பிரிவை நம்பி இருக்கக் கூடாது. அங்கே நியாயமான அளவிலான தடையை நீதிமன்றங்கள் ஏற்கும். மலேசியாவில் 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு நம்முடையதைப் போலவே இருக்கிறது.

மூன்றும் சேரும் ஒரு தாள்

ஏஜென்சி மூலம் ஆச்சிக்கு ஹோம் நர்ஸ் வைக்கிறோம். அந்த ஏஜென்சி குடும்பத்திடமும் நர்ஸிடமும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்குகிறது: ஓராண்டுக்கு நேரடியாக வேலைக்கு வைக்கக் கூடாது, போகக் கூடாது, மீறினால் ஒரு லட்சம். ஏஜென்சி வேலையை முறையாக விட்டுவிட்ட நர்ஸை, நோயாளியின் வீட்டிலோ வேறெங்குமோ வேலை செய்யக் கூடாது என்று தடுக்க முடியாது. அவருக்கு 27-ஆம் பிரிவு இருக்கிறது. குடும்பம் போட்ட கையெழுத்து கொஞ்சம் வேறு. ஆள் தேடித் தந்ததற்கான நியாயமான இழப்பீட்டை ஏஜென்சி கேட்கலாம்; ஒரு லட்சம் என்று எழுதியிருப்பதால் ஒரு லட்சம் கிடைத்துவிடாது, இழப்பை அது காட்ட வேண்டும். கையெழுத்துப் போடும் முன்பே "நேரடியாக வைத்தால் ஒரு மாதச் சேவைக் கட்டணம்" என்று திருத்தச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். நர்ஸ் ஏஜென்சியில் இருக்கும்போதே திரைமறைவில் பேசி முடிப்பது இருவருக்குமே வம்பு.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால்

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களும், நீதிமன்ற வளாகங்களில் உள்ள வட்டச் சட்டப்பணிகள் குழுக்களும் மனுவை வாங்கும். தொலைபேசியில் 15100. நுகர்வோர் பிரச்சினைக்கு 1915. போகும்போது ஆதார் நகலோடு அந்தக் கோப்பையும் எடுத்துச் செல்லுங்கள். சம்பவங்களைத் தேதி வரிசையில் ஒரே பக்கத்தில் எழுதி மேலே வைத்துவிட்டால், உங்களுக்கு ஒதுக்கப்படும் வக்கீல் அன்றே வேலையைத் தொடங்க முடியும்.